பழைய ஹொண்டாவும் றூட்ஸ்கூகன் ஓடுபாதையும்

சித்திரை மாதம் பனி கரைந்து, குளிர்காலத்தில் றோட்டில் கொட்டிய சல்லியை நகரசபை கூட்டி அள்ளி முடிந்ததும், குறூருட்டாலில் அடுக்குமாடிகளின் கீழிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தாய்மார் பலருக்கு நித்திரை இல்லை. இரவில் அம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போனால் எழும்பிப்போய்ப் பிள்ளை கட்டிலில் கிடக்கிறானா என்று பார்க்கிற தாய்மாரை எங்களுக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரோடு வாதாட நாங்கள் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் வாங்கிவிட்ட பிள்ளைகளுக்கும், சொந்த ஆசையில் ஒன்றை வாங்கி நிலக்கீழ் கராச்சில் மறைத்து வைத்திருக்கும் தகப்பன்மாருக்கும்தான் இது. அப்படியானவர்கள் ஒஸ்லோவில் கொஞ்சப் பேர் அல்ல.

நாங்கள் நாலு பேர். ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று பேர் முப்பதைத் தாண்டிய குடும்பக்காரர். நாலாவது ஆள் இருபத்திரண்டு வயதுத் தம்பி. நாலு பேரும் காசு போட்டு, 1996ஆம் ஆண்டு செய்த ஹொண்டா சிபிஆர் 600 எப் ஒன்றைப் பழசாக வாங்கினோம். 599 கனசென்ரிமீற்றர், நாலு சிலிண்டர், நாலு காபுரேற்றர், நூறு குதிரை வலு அளவில். ஊரில் நாங்கள் ஏறித் திரிந்த எம்டி 90 உடன் ஒப்பிட்டால் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் நாம்பன் மாடு நிற்கிற மாதிரி. நோர்வேயில் இப்படியான பலமுள்ளதை ஓட முழு ‘ஆ’ வகுப்பு லைசென்ஸ் வேண்டும். இருபத்திநாலு வயதில் நேராக எடுக்கலாம். அல்லது ‘ஆ 2’ எடுத்து இரண்டு வருடம் வைத்திருந்தால் இருபதில் எடுக்கலாம். தம்பி அந்த இரண்டாவது வழியால் வந்தவன்.

வாங்கின முதல் மாதமே ஒரு வருத்தம் தெரிந்தது. நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் மீன் வால் ஆட்டுகிற மாதிரி மெல்ல ஆடும். வளைவில் நாங்கள் நினைத்த கோட்டில் நில்லாமல் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு திருத்தகத்தில் கொடுத்தோம். ஏதோ மாற்றினோம் என்று ஒரு பில் தந்தார்கள். ஆட்டம் அப்படியே இருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, “பழைய மோட்டார் சைக்கிள் என்றால் அப்படித்தான்” என்றார்கள்.

தம்பி சொன்னான்: “அண்ணை, ஈ-ஆறு றோட்டில விடியக்காலமை ஒருக்கா விட்டுப் பாப்பம். எந்த வேகத்தில ஆடுது எண்டு கண்டுபிடிக்கலாம்.”

இந்த யோசனைதான் பயங்கரம். நெடுஞ்சாலையில் கூடிய வேக எல்லை 110. வேகமாகப் போனால் ஆடுகிறது என்று தெரிந்த ஒன்றில், எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு ஆடும் என்று லொறிகளுக்கு நடுவில் சோதிப்பதா? பொலிஸ் பிடித்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் விடிய ஆறு மணி ஷிப்டுக்குப் போக வழி இல்லை. வேகம் மிக அதிகம் என்றால் இந்த நாட்டில் மறியலும் உண்டு. பிடிபடாவிட்டால் நடக்கக்கூடியது அதைவிடப் பொல்லாதது.

அப்போதுதான் எங்களில் ஒருவர், வேலைத்தலத்தில் நோர்வேக்காரர் ஒருவர் சொன்னதை எடுத்துவிட்டார். ‘பானேடாக்’ என்று ஒன்று இருக்கிறது. பந்தய ஓடுபாதையை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, காசு கட்டின சாதாரண ஆட்களை அவரவர் சொந்த மோட்டார் சைக்கிளில் ஓட விடுவார்கள். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. எதிரே வாகனம் வராது, சைக்கிள்காரன் இல்லை, பிள்ளை குறுக்கே ஓடாது. வளைவுகளுக்கு வெளியே புல்லும் சல்லியும் இருக்கும். அம்புலன்ஸ் ஒன்று நாள் முழுக்க நிற்கும்.

ஒஸ்லோவுக்குத் தென்கிழக்கே, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய ஓட்டத்தில், ரக்கெஸ்டாட் என்ற கமூனாவில் இருக்கிறது றூட்ஸ்கூகன். 1990இல் திறந்த ஓடுபாதை. 2012 அளவில் ஜேர்மனியின் ஹேர்மன் தில்க்க என்ற ஓடுபாதை நிபுணரின் திட்டப்படி நீட்டிக் கட்டினார்கள். இப்போது ஒரு சுற்று 3.254 கிலோமீற்றர், பதினாலு வளைவுகள். காட்டுக்குள் மேடும் பள்ளமுமாகப் போகும். அதே 1990இல்தான் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடுபாதை திறந்தார்கள், அது 3.7 கிலோமீற்றர். அதற்கு முந்திச் சென்னையில் பந்தயம் நடந்தது சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில். எங்கள் பக்கத்திலும் இலங்கையில் களுத்துறைக்குக் கிட்டக் கட்டுக்குருந்தையில் விமான ஓடுபாதையில்தான் பந்தயம் வைத்தார்கள். விமானம் இறங்காத நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடின காலம் அது.

*

ஓடுபாதைக்குப் போக முந்திய வெள்ளிக்கிழமை இரவு நிலக்கீழ் கராச்சில் பெற்றோல் தாங்கியைத் தூக்கி வைத்துவிட்டு நாலு பிளக்கையும் கழற்றிப் பார்த்தோம். பிளக் பார்ப்பது எங்களுக்குப் புதிய கலை அல்ல.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பிறகு வன்னியிலும் பெற்றோல் கண்ணில் காட்டாத பொருள். தகப்பன்மார் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகையால் சின்னப் போத்திலில் பொன் மாதிரி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறினபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை முகில் கட்டும். மேடு ஏறும்போது எஞ்சினுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ‘தட தட’ என்று அடிக்கும். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தித் தானாக வெடிப்பதால் வரும் அடி அது. முழுதாக எரியாத எண்ணெய் பிஸ்ரன் பக்கத்தால் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துவிடும். பிளக் கரி பிடித்துவிடும். அதைக் கழற்றி, சீலையால் துடைத்து, மண் தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டுகிற வேலை சிறுபிள்ளைகளான எங்கள் தலையில் விழும். கறுப்புக் கரி என்றால் எண்ணெய் கூட, வெள்ளை என்றால் காற்றுக் கூடிச் சூடு கூட, வெந்த செங்கல் நிறம் என்றால் சரி. இந்த மூன்று நிறமும் எங்களுக்கு அரிச்சுவடி மாதிரி.

இந்தக் காலத்து ஈயமில்லாப் பெற்றோலில் நிறம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. என்றாலும் ஹொண்டாவின் நாலு பிளக்கில் மூன்று ஒரு நிறம், ஒன்று மட்டும் மைக்கறுப்பு. ஒன்று மட்டும் கறுப்பு என்றால் பிழை அந்த ஒரு காபுரேற்றரில். திறந்து பார்த்தால், குளிரில் எஞ்சினைப் பற்றவைக்க மேலதிக பெற்றோல் விடுகிற சின்ன ஊசி முழுதாக மூடாமல் அழுக்கில் இறுகிப்போய் நின்றது. மற்ற மூன்று சிலிண்டரும் சூடாகி ஒழுங்காக வேலை செய்ய, இந்த ஒன்று மட்டும் எந்த நேரமும் காலமை ஆறு மணி போலவே ஓடியிருக்கிறது. கழுவி, அசைவு விட்டுப் பூட்டினோம். திருத்தகத்துக்காரர் பிளக்கைக் கழற்றியே பார்க்கவில்லை என்று அப்போது விளங்கியது.

*

ஞாயிறு காலை ஹெங்கரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஓடிக்கொண்டு போகலாம்; ஆனால் விழுந்தால் எதில் திரும்பி வருவது? தம்பியின் தாய் படிக்கட்டு வாசலில் நின்று எங்களில் மூத்தவரைப் பார்த்துக் கேட்டா: “நீங்கள் பிள்ளையள் பெத்தனியள் எல்லே? நீங்களே உவனைக் கூட்டிக்கொண்டு போறியள்.” அதற்கு எங்களிடம் நல்ல பதில் ஒன்றும் இருக்கவில்லை. “அக்கா, றோட்டில ஓடுறதிலும் பாக்க அங்க ஓடட்டும்” என்று மட்டும் சொன்னோம்.

அங்கே போனதும் முதலில் பரிசோதனை. எண்ணெய், தண்ணீர் ஒழுக்கு இருக்கிறதா, பிறேக் கட்டை எவ்வளவு மிச்சம், செயின் தளர்வு, ரயரின் பல், கைப்பிடி முறுக்கிவிட்டால் தானாகத் திரும்புகிறதா எல்லாம் பார்ப்பார்கள். புகைபோக்கியின் சத்தத்தையும் அளப்பார்கள். கண்ணாடியைக் கழற்ற வேண்டும், விளக்குகளுக்கு ரேப் ஒட்ட வேண்டும். உடைந்தால் துண்டு பாதையில் சிந்தாமல் இருக்க. தோல் உடுப்பு ஒன்றாகவோ, இடுப்பில் சிப் வைத்து இணைத்ததாகவோ இருக்க வேண்டும். முதுகுக் காப்பு, முகம் மூடிய ஹெல்மெற், முழுச் சப்பாத்து, கையுறை. எங்களிடம் இரண்டு தோல் உடுப்புத்தான். ஒன்று எங்களில் மூத்தவருக்கு, மற்றது தம்பிக்கு. ஆகையால் இரண்டு பேரின் பெயர்தான் பதிந்தோம். மற்ற இரண்டு பேரும் சாவி பிடிக்கவும், கொப்பி எழுதவும்.

பிறகு வகுப்பு மாதிரி ஒரு கூட்டம். கொடிகளைச் சொல்லித் தந்தார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். கறுப்பைக் காட்டினால் உன்னிலோ உன் மோட்டார் சைக்கிளிலோ ஏதோ பிழை. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் பாதை வழுக்கும். மொழி அரைகுறையாக இருக்கிறவர்கள் இதிலே வெட்கப்படாமல் திரும்பக் கேட்க வேண்டும். நாங்கள் இரண்டு தரம் கேட்டோம், ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓடுகிறவர்களை வேகத்தின்படி மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம். பிறகு நாற்பது நிமிடம் ஓய்வு. இந்த நாற்பது நிமிடத்தில்தான் உண்மையான வேலை. மூத்தவர் மெதுவான குழுவில், தம்பி நடுக் குழுவில். தம்பிக்கு வேகமான குழுவில் சேர விருப்பம். நாங்கள் விடவில்லை.

முதல் ஓட்டம் மூத்தவர் போனார். ரயரும் பாதையும் குளிர். குளிர்ந்த ரயர் தாரைப் பிடிக்காது. முதல் இரண்டு சுற்று மெதுவாகத்தான் போக வேண்டும். திரும்பி வந்து ஹெல்மெற்றைக் கழற்றிச் சொன்னார்: நேர்ப் பாதையில் பின்பக்கம் ஆடுகிறது, வளைவில் வெளியே போகிறது, மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழும்போது இரண்டு மூன்று தரம் துள்ளுகிறது.

அங்கே நாங்கள் பெரிய பிழை ஒன்று விட்டோம். நாலு பேருக்கும் நாலு யோசனை. ஒருவர் ரயரின் காற்றைக் குறைத்தார். ஒருவர் பின் ஷொக்கின் ஸ்பிறிங்கை இறுக்கினார். இன்னொருவர் திருகாணியைப் பிடித்து மூடக்கூடிய மட்டும் மூடினார். தம்பி ஓடிவிட்டு வந்து, “இப்ப துள்ளேல்லை, ஆனா வளைவில வழுக்குது” என்றான். எது நல்லது செய்தது, எது கெட்டது செய்தது? ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேக்காரர் மடக்குக் கதிரையில் இருந்து கோப்பி குடித்தபடி இந்தக் கூத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி வந்து, தன்னுடைய பழைய கொப்பி ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, வெப்பநிலை, ரயர்க் காற்று, ஸ்பிறிங் எத்தனை, திருகாணி எத்தனை சுற்று, ஓடினவன் என்ன சொன்னான். ஒரு தரத்துக்கு ஒரு மாற்றம்தான். மாற்றினதை ஓட முந்தி எழுது, உணர்ந்ததை ஓடினவுடனே எழுது. இவ்வளவுதான் சொன்னார். தொழிற்சாலையில் இயந்திரம் ஒன்று பிழையான சாமான் அடித்தால் ஒவ்வொரு அளவாக மாற்றித்தான் நாங்களும் பிழை பிடிக்கிறோம். சொந்தச் சாமான் என்று வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ!

எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, கொப்பியை விரித்தோம்.

முதலாவது, பதிவு. அதாவது ஆள் ஏறி இருந்தால் ஸ்பிறிங் எவ்வளவு அமர்கிறது என்ற அளவு. பின்சில்லை நிலத்தில் படாமல் தூக்கி, சில்லின் அச்சிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு நிலத்தில் விட்டு, ஓடுகிறவர் உடுப்போடு ஏறிக் கால் தூக்கி இருக்க, அதே இடத்தைத் திரும்ப அளக்க வேண்டும். இரண்டு பேர் நிமிர்த்திப் பிடிக்க, ஒருவர் அளவுநாடா பிடித்தார். இப்படியான மோட்டார் சைக்கிளுக்கு முப்பதிலிருந்து நாற்பது மில்லிமீற்றர் வரை அமர்ந்தால் பொதுவாக நல்லது. எண்பத்தாறு கிலோ மூத்தவர் ஏறினதும் எங்கள் ஹொண்டா ஐம்பத்திரண்டு அமர்ந்தது! முன்னைய சொந்தக்காரர் மெல்லிய ஆளாக இருந்திருக்க வேண்டும். ஸ்பிறிங்கை ஆகத் தளர்ந்த நிலையில் விட்டிருந்தார்.

ஆட்டத்தின் காரணம் இதற்குள் கிடந்தது. பின்பக்கம் பதிந்தால் முன்பக்கம் நிமிரும். முன் கவர் சரிந்து நீட்டி நிற்கும், முன் ரயரில் பாரம் குறையும். பாரம் குறைந்த முன் ரயர் வளைவில் பிடிக்காது, கோட்டை விட்டு வெளியே போகும், வேகத்தில் தளம்பும். நாங்கள் இவ்வளவு நாளும் ஓடினது பின்னுக்கு அரிசி மூட்டை கட்டின மிதிசைக்கிள் மாதிரி. ஸ்பிறிங்கை இறுக்கி முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆள் இல்லாமல் தன் பாரத்தில் எட்டு மில்லிமீற்றர் அமர்ந்தது. அதுவும் பார்க்க வேண்டும், ஆள் இல்லாமல் கொஞ்சமும் அமராவிட்டால் ஸ்பிறிங்கே அந்த ஆளுக்குப் பலம் காணாது என்று அர்த்தம்.

வேறொன்றும் தொடாமல் மூத்தவர் ஓடினார். இறங்கி வந்தவர் முகத்தில் சிரிப்பு. ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் தம்பி அறுபத்திரண்டு கிலோ. அவன் ஏறினால் அதே ஸ்பிறிங் அவனுக்கு விறைப்பு. ஆகையால் கொப்பியில் இரண்டு பக்கம். ஆள் மாறும்போது ஸ்பிறிங்கும் மாறும். இதை வாசிக்கிறவர்களில் மனைவியைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு கோடை விடுமுறைக்கு மலைப்பக்கம் போகிறவர்கள் இருந்தால் கவனிக்கவும்: இரண்டு ஆளும் பொதியும் ஏறினால் பின் ஸ்பிறிங் இறுக்கவே வேண்டும். உங்கள் மோட்டார் சைக்கிளோடு வந்த புத்தகத்தில் எத்தனை என்று இருக்கும். அதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

இரண்டாவது, துள்ளல். ஸ்பிறிங் அமர்ந்தபின் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழும்புகிறது என்பதை ஷொக்கின் திருகாணி அடக்கும். இறுக்கினால் மெதுவாக எழும்பும். அடக்கம் காணாவிட்டால் துள்ளும், அடக்கம் கூடினால் ஒரு பள்ளத்திலிருந்து எழும்ப முந்தி அடுத்த பள்ளம் வந்துவிடும். ரயர் தரையில் தட்டி வழுக்கும். முதலில் நாங்கள் மூடினபோது தம்பி வழுக்குது என்று சொன்னானே, அதற்கு இது ஒரு காரணம். முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை சுற்றுத் திறந்தோம் என்று எண்ணி எழுதி, அரைச் சுற்று மட்டும் இறுக்கினோம். போதுமாக இருந்தது.

மூன்றாவது, ரயர்க் காற்று. றோட்டுக்கு முன்னுக்கு 2.5, பின்னுக்கு 2.9 பார். ஓடுபாதையில் ரயர் கூடச் சூடேறும், உள்ளே காற்று விரிந்து அமுக்கம் ஏறும். ரயர்க் கம்பனியின் அட்டவணையைப் பார்த்துக் குளிரில் இரண்டுக்கும் 2.2 வைத்தோம். ஓடி வந்தவுடனே அளந்தால் 2.5. ஓடி வந்து கதை அளந்துகொண்டு நின்றுவிட்டு அளந்தால் அந்த அளவில் பிரயோசனம் இல்லை. றோட்டில் வீடு போகிறவர்கள் திரும்ப அடித்துக்கொண்டு போக மறக்கக் கூடாது.

*

மத்தியானம் வீட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டோம். பிறகு தம்பியின் முறை.

அவன் றோட்டில் தான் பெரிய ஓட்டக்காரன் என்று நினைத்திருந்தவன். நடுக் குழுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, அவனுடையதிலும் சின்ன எஞ்சினோடு, வளைவின் வெளிப்பக்கத்தால் அவனை முந்திப் போனா. அடுத்த சுற்றில் அவவைப் பிடிக்க வெளிக்கிட்டான். நாங்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நேர்ப் பாதையின் முடிவில் எல்லாரும் பிறேக் பிடிக்கிற இடத்தில் ஹொண்டா வேகம் குறையாமல் நேரே போனது. வளைவுக்குத் திரும்பவில்லை. புல்லுக்குள் இறங்கி, சல்லியில் உழுது, ஆடி ஆடிப் போய் நின்றது. விழவில்லை.

ஒரு நிமிடம் எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. காலையில் வாசலில் நின்ற அவனுடைய தாயின் முகம்தான்.

அவனைக் கொண்டுவந்து இருத்தினபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. “அண்ணை, பிறேக் பிடி கைப்பிடி மட்டும் வந்திட்டுது. ஒண்டும் பிடிக்கேல்லை. இரண்டு தரம் அடிக்கத்தான் கொஞ்சம் பிடிச்சது.”

பிறேக் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தோம். பிளேன்ரீ நிறம். புதிதாக இருந்தால் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டொற் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் ஊறினபின் இருக்க வேண்டிய குறைந்த அளவு 155 பாகைதான். கடுமையாகத் திரும்பத் திரும்பப் பிறேக் பிடித்தால் சூடு அங்கே போய்விடும். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ் வரும். எண்ணெயை அமுக்க முடியாது, அதனால்தான் பிறேக் பிடிக்கிறது. ஆவி அமுங்கிவிடும், அதனால் பிடி வெறுமனே உள்ளே போகும். ஆறினபின் திரும்ப நல்லாக இருக்கும். அதுதான் வஞ்சகம். கராச்சில் பிடித்துப் பார்த்தால் பிழை தெரியாது. காலைப் பரிசோதனையிலும் தெரியவில்லை.

கிண்ணத்தின் மூடியைத் திறக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சினையும் ஷொக்கையும் அளந்து கொண்டாடின நாங்கள், உயிர் தொங்குகிற அந்த நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. திருத்தகத்தைக் குறை சொன்ன வாய்க்கு இது நல்ல பூட்டு. ஆடி மாதம் ஒரு சோடி குடும்பமாக மேற்கு மலைப்பக்கம் இதே ஹொண்டாவில் போவதாக இருந்தது. அந்த இறக்க றோட்டுகளில் புல்லும் சல்லியும் இல்லை. ஒரு பக்கம் கல், மறுபக்கம் பள்ளம், எதிரே சுற்றுலா பஸ்.

எழுபது வயதுக்காரரிடம் மூடி உடைக்காத டொற் 4 போத்தில் இருந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். மிஞ்சியிருந்த கட்லற் நாலைக் கொடுத்தோம். எண்ணெய் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடியை மெதுவாக அடித்து அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் உள்ள சின்ன முலையைக் கால் சுற்றுத் திறந்து பழைய எண்ணெயை ரியூப் வழியாகப் போத்திலுக்குள் விட்டு மூடுவார். மூடினபின்தான் பிடியை விட வேண்டும். மாறிச் செய்தால் காற்று உள்ளே போய்விடும். கிண்ணம் வற்றவும் விடக் கூடாது. வண்ணப் பூச்சில் ஒரு துளி பட்டாலும் உரித்துவிடும், உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். தம்பி தானே பிடியை அடித்தான். கறுப்பு எண்ணெய் போய்த் தேன் நிறம் வர நெடுநேரம் எடுத்தது. பழகாதவர்கள் இதைத் தாங்களாகச் செய்யாமல் நல்ல திருத்தகத்தில் கொடுங்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லிக் கேட்டுக் கொடுங்கள்.

கடைசி ஓட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று தம்பியிடமே விட்டோம். போனான். முதல் சுற்றிலேயே பிடியைச் சோதித்துப் பார்த்தான். பிடித்த இடத்தில் நின்றது. அந்தப் பெண்மணி திரும்பவும் முந்தினா. இந்த முறை துரத்தவில்லை. அவ எந்த இடத்தில் பிறேக் பிடிக்கிறா, எந்த இடத்தில் கண்ணைத் திருப்புகிறா என்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டு ஓடினதாக வந்து சொன்னான். நாங்கள் வேலியில் நின்று பார்த்தபோதும் முன்னையதிலும் நேர்த்தியாகத்தான் தெரிந்தது.

செலவைக் கேட்பீர்கள். பதிவுக் காசு, பெற்றோல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு சனிக்கிழமை ஓவர்ரைம் அளவு போனது. றோட்டுக்கு எடுத்த காப்புறுதி ஓடுபாதையில் விழுந்தால் பெரும்பாலும் தராது. உங்கள் கம்பனியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடுபாதை என்றதும் பயமாக இருந்தால் நோர்வே மோட்டார் சைக்கிள் ஒன்றியம் நடத்துகிற ஓட்டப் பயிற்சிகளும் உண்டு. அங்கே வேகம் குறைவு. பிறேக் பிடிக்கவும் வளைக்கவும் சொல்லித் தருவார்கள். சித்திரை கடைசியிலிருந்து ஐப்பசி வரைதான் காலம். எங்களிடம் இப்போது மேலதிகமாக ஒரு தோல் உடுப்பு இருக்கிறது, ஐம்பத்திரண்டாம் அளவு. சேருகிற ஆள் யாரும் இருந்தால் கேளுங்கள்.

திரும்பி வரும்போது ஹெங்கர் பின்னால் குலுங்க, மீசன் தாண்டும் வரை தம்பி ஒன்றும் பேசவில்லை. மடியில் பழைய எண்ணெய்ப் போத்திலை வைத்துக்கொண்டிருந்தான். எறியத் தெரியாமல் கொண்டுவருகிறான் என்று நினைத்தோம். வாசலில் தாய் நின்றா. அவன் போத்திலை நீட்டி, “அம்மா, இதுதான் பிறேக்குக்குள்ள இருந்தது” என்றான். அவ வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. பிறகு எங்களைப் பார்த்தா. நாங்கள் நடந்ததைச் சொன்னோம், ஒன்றும் மறைக்கவில்லை. ஏசுவா என்று நின்றோம்.

“மற்றச் சில்லுக்கும் மாத்தினியளோ?” என்று கேட்டா.

பின் பிறேக்கை நாங்கள் மறந்தே போனோம். அடுத்த நாள் பின்னேர ஷிப்ட் முடிந்து வந்து, இரவு பதினொன்றரைக்கு நிலக்கீழ் கராச்சில் லைற் பிடித்து அதையும் மாற்றினோம். அதுவும் பிளேன்ரீ நிறம்தான். இரண்டு போத்திலும் நகரசபையின் கழிவுப்பொருள் நிலையத்தில் நச்சுக் கழிவுப் பெட்டிக்குப் போயின.